சும்மா இருந்த இடது கால்

கால்பந்து அணியில் அவனுக்கு 'ஒத்தக்கால்' என்று பெயர். வலது காலால் அடித்தால் வலை கிழியும். இடது கால் நிற்பதற்கு மட்டும். மூன்று சீசன் ஆடியும் இடது பூட்ஸிலிருந்து கடை வாசனை போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச் ஒருநாள் கூப்பிட்டார். "எல்லா டீமும் உன் வலது பக்கத்த அடைச்சிடறாங்கப்பா. கடைசி மேட்ச் வரைக்கும் பாப்பேன். தேறலன்னா அடுத்த சீசனுக்கு வேற ஆளு."

வீட்டுக்கு வந்தவன் அழுக்கு சாக்ஸைப் பந்தாகச் சுருட்டி, வாஷிங் மெஷினின் வட்ட வாயைப் பார்த்து இடது காலால் உதைத்தான். அது ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது.

"கையால போட்டா என்ன?" என்றாள் மனைவி.

"கையா மேட்ச் ஆடப்போகுது?"

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கதவை மூடுவது, செருப்பை அடுக்குவது, தலையணையைக் கட்டிலுக்கு அனுப்புவது எல்லாம் இடது காலின் பொறுப்பு. வலது கால் கோபித்துக்கொண்டு செருப்புக்குள் நுழைய மறுத்ததாகவும் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் சாக்ஸ் வாங்குவதையே விட்டுவிட்டார். சில மாதம் கழித்து அவரே வந்து கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி, இப்பல்லாம் ஒண்ணுமே வரதில்லையே?"

"குறி தப்பறதில்ல, அண்ணே."

"சந்தோஷம். ஒரு நீலக் கலர் மட்டும் ஜோடி சேரல, பரவாயில்ல."

கடைசி மேட்ச் முடியப் போகிற நேரம். இரண்டு அணியும் சம கோல். பந்து அவனிடம் வந்ததும் எதிரணி மொத்தமும் வலது பக்கம் குவிந்தது. இடது பக்கத்தில் லாரியே நிறுத்தலாம். கோலின் மூலை அவன் கண்ணுக்கு வாஷிங் மெஷினின் வாய்போல வட்டமாகத் தெரிந்தது. இடது காலால் ஒரே உதை. பந்து வலைக்குள் இருந்தது. கோல்கீப்பர் இன்னும் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தட்டித்தான் விஷயத்தைச் சொன்னார்களாம்.

"அடுத்த சீசனும் நீதான்," என்றார் கோச். "இனிமே உன் பேரு ரெண்டுகால். ஆனா அது எல்லாருக்கும் இருக்கே?"

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "இருக்கு சார். எத்தன பேருக்கு ரெண்டும் வேலை செய்யுது?"

மறுநாள் காலை அவன் சுருட்டிய சாக்ஸை மேலே எறிவதை மனைவி பார்த்தாள்.

"அதான் ஜெயிச்சாச்சே. இன்னும் என்ன?"

"தல சும்மாதான இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா?"

நெற்றியால் முட்டினான். சாக்ஸ் ஜன்னலைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "வாங்க தம்பி, பாத்து ரொம்ப நாளாச்சு."