சபையில் விட்ட குறட்டை

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கமீஸ் நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உப்பில் ஊறிய மீனை விரலால் கிழித்துத் தின்றுகொண்டிருந்தான். எழுந்ததிலிருந்து தலைவலி. தினமும் அப்படித்தான். இரவெல்லாம் படுத்துக் கிடந்தவனுக்குத் தலை ஏன் வலிக்கிறது என்று கேட்டால் கண்ணேறு என்பான். அவனைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த வர்தியான் பேட்டையில் ஒரு நாய்கூடக் கிடையாது. கழுத்து என்று ஒன்று இருந்தது, அது தோளுக்குள் போய்விட்டது. வயிறு முதலில் வாசலுக்கு வரும், இவன் பின்னால் வருவான். பிரஷருக்கு மூன்று விதமான மாத்திரை. மூன்றையும் விழுங்கிவிட்டு, அவை தனியாகப் போய்ச் சேரக் கூடாது என்பதுபோல் மேலே உப்பு மீன்.

"அத வையுய்யா. டாக்டரம்மா உப்பே ஆகாதுன்னாங்க" என்றேன், அவனுக்கு வாக்கப்பட்ட நான்.

"அவ என்னவெல்லாமோ சொன்னா. ஒரு ஆம்பளையப் பாத்து என்ன கேக்கணும்னு தெரியாத பொண்ணு, எனக்கு மீன் திங்கச் சொல்லித் தர்றாளா?"

அந்தப் பெண் கேட்டது இதுதான். நானும் கூட இருந்தேன். தொழிலாளர் கிளினிக்கில் புதிதாக வந்த டாக்டர், நல்ல வீட்டுப் பிள்ளை, குரலைக்கூட உயர்த்தத் தெரியாதவள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தாள், முகம் சுளித்தாள், மறுபடி அடித்துப் பார்த்தாள். மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர் என்ன பிரஷர் என்று யோசித்தவள், "சத்தம் விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அலெக்சாந்திரியாவில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்களிடம் குறட்டைக்கும் இன்னொன்றுக்கும் ஒரே சொல். ஒருவனை மண்ணோடு மண்ணாக்க வேண்டுமானால் இங்கே திட்டத் தேவையில்லை. தொண்டையை அடைத்து, மூக்கின் பின்பக்கமாகக் காற்றை உள்ளே இழுத்து ஒரு சத்தம் விட்டால் போதும். பெற்ற தாயைச் சொன்னால்கூடச் சில சமயம் பொறுத்துப் போவார்கள். அந்தச் சத்தத்துக்குக் கத்தி உருவுவார்கள்.

கமீஸ் சிவந்துபோனான். "நான் குடும்பத்துல பொறந்தவம்மா. பொம்பளைங்க முன்னாடி அதெல்லாம் செய்ய மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூக்கத்துலய்யா, தூக்கத்துல கேக்குறாங்க!" என்றேன். அப்புறம் அவளிடம் சொன்னேன். "விடுவான், டாக்டரம்மா. கப்பல் ஊதுற மாதிரி விடுவான். நடுவுல நிப்பாட்டுவான். சத்தத்தை மட்டும் இல்ல, மூச்சையே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. மற்றவர்கள் தூங்கும்போது பிரஷர் இறங்கும், இதயம் கொஞ்சம் உட்காரும். இவனுக்குத் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. காற்று போவதில்லை. ரத்தத்தில் உயிர்க்காற்று குறைகிறது. உடம்பு பதறி அவனை உலுக்குகிறது, இதயம் உதைக்கிறது, பிரஷர் எகிறுகிறது, ஒரு வாய்க் காற்று கிடைக்கிறது. திரும்பவும் மூடிக்கொள்கிறது. இரவு முழுக்க இதே வேலை. "ஊரே தூங்கும்போது இவர் இதயம் மட்டும் மூட்டை தூக்குதும்மா" என்றாள். "அப்படியே தூக்கித் தூக்கி இதயம் தடிச்சுப்போகும். துடிப்பு தப்பும். பக்கவாதம்கூட வரலாம். பகல்ல உக்காந்த இடத்துல தூங்கிடறாரா?" நான் செங்கல் சூளையில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தலையில் கல் சுமந்தவள். ராச்சுமை சுமந்தவன் பகலில் எப்படி இருப்பான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

தூக்கத்தில் வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும், பிறகு மூக்கில் முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்று மாட்டிப் படுக்க வேண்டும் என்றாள். கமீஸ் எழுந்து நின்றான். "மூஞ்சில குழாய் மாட்ட நான் என்ன ஹூக்காவா?" இதை அவன் டீக்கடையிலும் சொன்னான். அங்கே உட்கார்ந்திருந்த அறிவாளிகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் பூண்டு தின்னச் சொன்னான். ஒருவன் செம்பருத்தியைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னான். மாடி வீட்டுக்காரி, "குறட்டை விடுற ஆம்பளை வீட்டுக்குத் தூணுடி. நிம்மதியா இருக்கிறவன்தான் விடுவான்" என்றாள். அவள் புருஷன் விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால்தானே விட.

இத்தனையும் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கமீஸ் துறைமுகத்தருகே மரக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன். ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள், தூக்கிய மரக்கட்டு கொக்கியோடு நிதானம் தப்பி இறங்கி, கீழே நின்ற ஷிஹாத்தாவின் காலை முறித்தது. சங்கிலி வழுக்கியது என்றான் கமீஸ். மெக்கானிக் ஏறிப் பார்த்தான். சங்கிலிக்கு ஒன்றுமில்லை. சங்கிலி எதற்கு வழுக்க வேண்டும், சாப்பிட்ட வாயோடு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் உட்கார்ந்தவன் வழுக்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் மீன் தின்ற அந்த வெள்ளிக்கிழமை, மாலைத் தொழுகைக்குள் பெரியவர்கள் கூடி அந்தக் காலுக்காகச் சமாதானம் பேசுவதாக இருந்தது. தெருப் பெரியவர் ஹாஜி மித்வல்லி வீட்டில்.

"தூங்கிட்டேன்னு சொல்லிடுய்யா" என்றேன், மீன் தட்டை எடுத்துக்கொண்டே. "வியாதின்னு சொல்லு. டாக்டரம்மா எழுதித் தருவாங்க. சோதனைக்குப் போவோம்."

"சொன்னா ஃபோர்மேன் நாளைக்கே என்னைக் கீழ இறக்கிடுவான். இந்த வயசுல நான் மரம் சுமக்கவா?"

"உசுரோட இருந்தா சுமக்கலாம்ல. இல்லேன்னா உன்னைத்தான் நாலு பேரு சுமக்கணும்."

"உன் வாய்க்குத்தான் ஒரு மெஷின் மாட்டணும்" என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டான்.

ஹாஜி வீட்டில் ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளே. நடுவில் ஒரு திரை. என் பக்கத்தில் ஷிஹாத்தாவின் மனைவி நவாயிம், கையைக் கட்டிக்கொண்டு.

"உன் புருஷன் முகத்தைப் பாத்தியா?" என்றாள். "எங்க வீட்டுக் காலை முறிச்சுட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து சோபாவுல சாஞ்சிருக்கான்."

"சாய்ஞ்சிருக்கானா?" சாய்ந்தால் அவன் தூங்கிவிடுவான். "நேரா உக்காரச் சொல்லுங்க யாராவது."

"ஏன், இடுப்பு வலிக்குதா துரைக்கு?"

முன்னறையில் ஹாஜி ஆரம்பித்தார். பேசத் தெரியாதவர்களுக்குத்தான் பேச நிறைய இருக்கும். அண்டை வீட்டான் உரிமை, பொறுமை, தன் தகப்பன் கட்டிய கிடங்கு, ஆங்கிலேயன் காலத்துத் துறைமுகம் எல்லாம் வந்தன. மின்விசிறி சுற்றியது. தேநீர்க் குவளைகள் வந்தன. பிறகு ஷிஹாத்தாவின் தகப்பன் பரக்காத் எழுந்தார். வாழ்நாளெல்லாம் கப்பலில் மூட்டை இறக்கியவர், சொல்லை எடைபோட்டுப் பேசுகிறவர். அந்த வீட்டில் நான் மதித்தது அவர் ஒருவரைத்தான்.

"எனக்குக் காசு வேணாம்" என்றார். "எம் மகன் கால் போனாலும் மானம் போகலே. நாங்க ஆம்பளைங்க. இந்தத் தம்பி இத்தனை பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் எங்களுக்கு."

நின்றது. கமீஸின் மூச்சு நின்றது எனக்கு மட்டும்தான் கேட்டது. சத்தம் இல்லாமல் போவதைக் கேட்க வருஷக்கணக்கில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் கமீஸ் யோசிக்கிறான் என்று நினைத்தார்கள். குனிந்த தலை, வருந்துகிறவன் தலைபோல இருந்திருக்கும். பரக்காத் காத்திருந்தார். சபை காத்திருந்தது.

அப்புறம் வந்தது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, மூக்கின் பின்பக்கமாக, நீளமாக, முழுசாக. தெருப் பொறுக்கிகள் வருஷக்கணக்கில் பழகினாலும் அவ்வளவு சுத்தமாக வராது.

நாற்காலி விழுந்தது. குவளை உடைந்தது. நவாயிம் எழுந்துவிட்டாள். "எம் மாமனாருக்கா? தொழுது காய்ச்சுப்போன நெத்திக்கா அந்தச் சத்தம்?"

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். கமீஸ் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தான். என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கட்டுப்போட்ட காலோடு ஷிஹாத்தா ஊன்றுகோலை ஓங்கியபடி கத்தினான். "எங்கப்பன் மூஞ்சிலயே விட்டியேடா!"

அப்போதுதான் இவனுக்கு விளங்கியது. அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். வாயைத் திறந்தான். 'தூங்கிட்டேன்யா, மன்னிச்சுக்குங்க' என்பது நுனிநாக்கில் நின்றது. பிறகு அவன் பார்வை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் கரீப் மேல் போனது. கரீப் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் நின்றது வயிற்றுக்குள் போயிற்று.

"ஆமா, விட்டேன்" என்றான் கமீஸ். "என்ன இப்போ?"

எத்தனையோ விதமான முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். சூளையில் பந்தயம் கட்டித் தணலை மிதித்தவனைப் பார்த்திருக்கிறேன். நோயாளி என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொறுக்கி என்ற பெயரைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன். இவனோடு ஒரே தலையணையில் படுத்ததை நினைத்துக் கூசினேன்.

பரக்காத் கை ஓங்கினார். நான் திரையைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் நின்றேன்.

"பொய்யி. விடலே. அந்த அளவு தைரியம் இவனுக்கு ஏது? தூங்கிட்டான். எங்க உக்காந்தாலும் தூங்குவான். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. அதுலதான் பிரஷர் ஏறிக் கிடக்கு, அதுலதான் இதயம் போய்க்கிட்டிருக்கு. டாக்டர் சொன்னாச்சு. இந்த ராஜா கேக்க மாட்டேங்குறாரு."

கரீப் மெதுவாக முன்னால் குனிந்தான்.

"ரஜபு அம்மா" என்றான், என் மகன் பெயரால் என்னை அழைத்து. "கிரேன்லயுமா?"

"நிறுத்துடி!" கமீஸ் எழுந்துவிட்டான். முகம் ஈரல் நிறத்தில் இருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இன்னும் ஒரு வார்த்தை பேசினே, நீ தலாக்!"

இந்த ஊரில் அதை ஆண்கள் தும்முவதுபோலச் சொல்வார்கள். நீ இந்தச் சோற்றைத் தின்னாவிட்டால் என் பெண்டாட்டி தலாக், இந்த டீக்கு நீ காசு கொடுத்தால் என் பெண்டாட்டி தலாக். பெண்டாட்டி அடுப்படியில் இருப்பாள், அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இத்தனை பேர் முன்னால், என் முகத்துக்கு நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. நவாயிம் பின்னாலிருந்து என் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்டி, வாய மூடு." சற்று முன்புதான் என்னைக் கொல்லப் பார்த்தவள்.

கிரேனுக்குக் கீழே நாளைக்கும் யாராவது நிற்பார்கள். மேலே இவன் இருப்பான். வீட்டில், என் கைக்கு எட்டும் தூரத்தில், அந்தத் தொண்டை மூடிக்கொள்ளும்.

"கிரேன்லயும்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. கமீஸ் சோபாவில் விழுந்தான். சபைக்கு இப்போது காலும் வேண்டாம், கிரேனும் வேண்டாம், இதயமும் வேண்டாம். இன்ஷிராஹ் என்கிற நான் கமீஸுக்குப் பெண்டாட்டியா இல்லையா, அது ஒன்றே கேள்வி. கோபத்தில் சொன்னது செல்லாது என்றார் ஹாஜி. சொன்னது சொன்னதுதான் என்றான் ஒருவன். ஒரு வார்த்தை என்றுதானே சொன்னான், 'கிரேன்லயும்தான்' என்பது ஒன்றா இரண்டா என்று எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் இலக்கணம் கேட்டான். பள்ளிவாசல் இமாமைக் கூட்டி வந்தார்கள். அவர் நிதானமாக உட்கார்ந்து, தேநீர் கேட்டு வாங்கி, நான்கு மத்ஹபுகளின் சட்டத்திலும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தாலாட்டுக்கு ஏற்ற குரல். என் வாழ்க்கையை என் தலைக்கு மேலாக ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்று, உடைந்த குவளையின் சில்லுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இமாம் முடிவுக்கு வந்தார். "எல்லாம் நிய்யத்துல, மனசு நினைச்சதுலதான் இருக்கு. மிரட்டத்தான் சொன்னாரா, பிரியணும்னே சொன்னாரா, அத அவருதான் சொல்லணும்." சோபாப் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. உன் மனசுல என்ன இருந்துச்சு?"

கமீஸின் தலை மார்பில் கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"கமீஸு?"

யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்தான். ஃபோர்மேன் கரீப் கையை உயர்த்தி அடக்கினான். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது, மூச்சு இல்லாமல் போனது. மார்பு ஏறப் பார்த்தது, ஏற முடியவில்லை. உள்ளே ஏதோ கதவை மோதுவதுபோல வயிறு மட்டும் உதறியது. உதட்டோரம் சாம்பல் நிறம் படர்ந்தது.

"இன்னும் வரலியே" என்றான் ஷிஹாத்தா, கிசுகிசுப்பாக.

பரக்காத் சோபாவின் முன்னால் மண்டியிட்டார். மூட்டை இறக்கிக் காய்த்துப்போன கையை, சற்று முன்பு ஓங்கிய அதே கையை, கமீஸின் நெஞ்சில் தொடாமல் தொட்டபடி வைத்துக்கொண்டு, அவர் தன் மூச்சையும் நிறுத்திக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அறை முழுக்க ஆண்கள், ஒருவர்கூட மூச்சு விடவில்லை.