கொஞ்சம் அப்செட்

அஞ்சாம் மாசத்தில் பிள்ளை கலைந்து, லீவு முடிந்து, திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நான் திரும்பிய அன்று பக்கத்து சீட்டு வெள்ளையம்மாள் கேட்டாள்.

"என்னாடி வேதா, ஒரு மாதிரியா இருக்கே?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அப்செட்."

"ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரங்க் காலை எடுக்கப் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது.

எண்பத்திரண்டில் எங்கள் ஆபீசில் எல்லார் வாயிலும் அந்த வார்த்தைதான். பஸ் தவறினால் அப்செட். டீ ஆறிப்போனால் அப்செட். சூப்பர்வைசர் ஆதிமூலம் சாருக்கு வயிறு கடமுடா என்றாலும் அப்செட். அந்த வார்த்தைக்குள் என் பிள்ளையையும் போட்டு மூடிவிட்டேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. முதலில் நிம்மதி, அப்புறம் எரிச்சல். அடிப்பாவிகளா, இன்னொரு கேள்வி கேட்டால் வாய் வெந்தா போய்விடும்?

எங்கள் கீழ்பென்னாத்தூரில் சாவு விழுந்தால் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுத பிறகுதான் உட்காருவார்கள். பிறக்காத பிள்ளைக்கு அது கிடையாது. "விடுடி, அடுத்தது தங்கும்" என்று அம்மா சொன்னதோடு சரி. என் வீட்டுக்காரர் பலராமன் அதுகூடச் சொல்லவில்லை. கல்லுளிமங்கன். தேரடி வீதி உரக்கடையிலிருந்து வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பக்கத்தில் ஆள் இருந்தும் இப்படியொரு தனிமை எதிரிக்கும் வேண்டாம்.

திரும்பிய அந்த முதல் நாளே வேறொருத்திக்காக டியூட்டி மாற்றிக்கொண்டு போயிருந்தேன். அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளையம்மாள் எழுந்தாள்.

"வேலூர் கால் ஒண்ணு ஓடுது, பாத்துக்கடி. மூணு நிமிஷம் ஆனா சொல்லிடு. டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

பேச்சு முடிந்ததா என்று பார்க்கக் காது கொடுத்தேன்.

"வேதா எப்பிடிடா இருக்கா?" வேலூரில் இருக்கும் என் நாத்தனார் தனத்தின் குரல்.

"கொஞ்சம் அப்செட்டா இருக்காக்கா." அவர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவுதானா நான்?

"நீ எப்பிடி இருக்கே?"

"எனக்கென்ன..."

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பொண்ணுக்கா. நர்சம்மா என்கிட்டதான் காட்டினாங்க. வெரல்லாம் இருந்துச்சிக்கா. வேதா தாங்கமாட்டான்னு சொல்லவேயில்ல. நானே கொண்டுபோய்ப் பொதைச்சேன்."

கடிகார முள் மூன்று நிமிஷத்தைத் தொட்டது. அதற்குமேல் தனிக் காசு; ஆபரேட்டர் சொல்லியாக வேண்டும். என் குரல் லைனில் போகும் சுவிட்சைத் தட்டினேன்.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சிங்க. இன்னும் பேசறீங்களா?"

அவருக்கு என் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வேதா?"

பதில் வரும்வரை ஆபரேட்டர் லைனை விடக்கூடாது. நான் விடவில்லை. புது அழைப்புகளுக்குப் போர்டில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. நான் எதையும் எடுக்கவில்லை.