சிவப்புப் பொட்டு வைத்த படம்

தெற்கு ரத வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சிவசங்கரனின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும், எதிரே இருப்பவரின் கண்ணாடியில் விரல் தடம் தெரிந்துவிட்டால் அவன் கை தானாகப் பைக்குப் போய்விடும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்திரக்கூடத்தை அவனிடம் விட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பும்போது, அவன் மனைவி சித்ரலேகா இரண்டு தடவை சொன்னாள்.

"எதையும் தொட்டுராதீங்க."

"கண்ணால பாக்கலாமா?"

"அது பாக்கணும். ஒவ்வொண்ணா, பைய, கிட்டப் போய்ப் பாருங்க. முக்கியமா என் படத்தை."

சொல்லிவிட்டு, கூடச் சாப்பிடக் கிளம்பிய சித்திரக்கூடத்துக்காரி ஸ்டெஃபியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எதையோ முந்தானைக்குள் ஒளித்து வைத்திருப்பவள் சிரிக்கிற சிரிப்பு. சிவசங்கரனுக்கு அது விளங்கவில்லை. கல்யாணமான இந்த இருபத்தொரு வருஷத்தில் அவள் சிரிப்புக்கெல்லாம் அவன் உடனுக்குடன் அர்த்தம் கண்டுபிடித்ததும் இல்லை.

தச்சநல்லூரில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் மூட்டை அடுக்கும் கிட்டங்கியைத்தான் ஸ்டெஃபி வெள்ளையடித்து, விளக்குப் போட்டுச் சித்திரக்கூடம் ஆக்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஊர்க்காரர்கள் ஆறு பேருடைய படங்களைப் பத்து நாளாக மாட்டி வைத்திருந்தாள். இன்று கடைசி நாள். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

சிவசங்கரன் சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுவர் விளம்பரம் எழுதுகிற சங்கிலிபூதத்தான் வெறும் ஆடுகளாக வரைந்து தள்ளியிருந்தார். எல்லா ஆடும் ஏதோ ஒரு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. ஓர் ஆடு தலைவர் ஒருவரின் காதுவரைக்கும் வந்திருந்தது. பக்கத்தில் மேலப்பாளையத்து ரசீத் வரைந்த டவுண் பஸ். படிக்கட்டில் தொங்குகிற கால்களும் பைகளும் மட்டும்தான். ஒரு முகம்கூட இல்லை. ஆனாலும் எந்தக் கால் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற கால், எது காலேஜ் கால் என்று தெரிந்தது.

பிறகு சித்ரலேகாவின் படத்துக்கு வந்தான்.

வெள்ளம் வந்த வருஷம் சிந்துபூந்துறையில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு, கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, போட்டோக்களை ஒவ்வொன்றாகத் துணி கிளிப் போட்டு மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டவன் அவன்தான். அதைத்தான் வரைந்திருந்தாள். பதினான்கு போட்டோ, நடுவில் ஒரு பனியன், கீழே நீல வாளி. தண்ணீர் ஒன்பது போட்டோவில் மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் தின்றுவிட்டிருந்தது. அதையும் அப்படியே வரைந்திருந்தாள். வீட்டில் பாதி வரைந்து கிடந்தபோது பார்த்ததுதான். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது அவன் இன்னும் ஓர் அடி கிட்டப் போனான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியின் கீழ் மூலையில், வட்டமாக, சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

படம் பார்க்க வந்த யாரோ ஒரு பெண் வியர்வையைத் துடைக்கும்போது எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தான். வேறு எதை நினைப்பான்? அவன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில், பீரோவில், குளியலறை டைல்ஸில், போன வாரம் அவன் போன் மேல், எங்கு பார்த்தாலும் சித்ரலேகாவின் பொட்டு. இருபத்தொரு வருஷமாகச் சுரண்டிச் சுரண்டி அவன் நகம் அதற்கென்றே வளைந்துபோயிருந்தது. ஒரு நொடியில் பொட்டை எடுத்தான். மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்தான். தொட்டதாக ஆகாது, சுத்தம் செய்ததுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் வயதான தம்பதி ஒன்று உள்ளே வந்தது. உவரியிலிருந்து தச்சநல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் பர்னபாஸும் ரோசம்மாளும். வண்டியில் போகும்போது வாசல் போர்டைப் பார்த்துவிட்டு ரோசம்மாள்தான் நிறுத்தச் சொன்னாராம். ரோசம்மாள் நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். நகரவே இல்லை.

பர்னபாஸ் எட்டிப் பார்த்தார். "என்னவே, இந்த மாப்பிள்ளைக்கு மூஞ்சி எங்க போச்சு?"

"தண்ணி கொண்டுபோயிட்டு அண்ணாச்சி."

"பொண்ணு தப்பிச்சிட்டாளே."

"பொண்ணுதான் இதை வரைஞ்சது. மாப்பிள்ளை நான்தான்."

பர்னபாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பரவாயில்ல. திரும்ப முளைச்சிருக்கு."

ரோசம்மாள் சிரிக்கவில்லை. "இதைத் தருவியளா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அட்டையில் எழுதியிருந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். பர்னபாஸ் பார்வையாளர் நோட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, 'நல்லா இருக்கு' என்று கையெழுத்தும் போட்டார். சிவசங்கரன் தன் கையாலேயே படத்தை இறக்கி, செய்தித்தாளைச் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, வண்டி வரைக்கும் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்ரலேகா வரைந்த படத்தை முதன்முதலாக ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார். அதை விற்றவன் அவன். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரும்போதே முகம் மலர்ந்துதான் வந்தாள். "பாத்தியளா?"

"பாத்தேன்."

"என்ன பாத்திய, சொல்லுங்க."

"நீயே பாரு," என்று சுவரைக் காட்டினான். ஆணி மட்டும் இருந்தது. "வித்தாச்சு. உவரிக்காரங்க. எடுத்துக்கிட்டே போயிட்டாங்க."

சித்ரலேகா ஆணியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அதுல சிவப்புப் பொட்டு இருந்திச்சே."

"ஆமா, எவளோ ஒட்டிட்டுப் போயிருந்தா. நான் சுரண்டி எடுத்துட்டேன்."

ஸ்டெஃபி வாயைப் பொத்திக்கொண்டாள். மெல்லப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். வரிசை வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். ஒரு வட்டம் மட்டும் இல்லை. "அண்ணே, வித்த படத்துக்கு நாங்க இதை ஒட்டுவோம். பத்து நாள்ல இன்னைக்குக் காலையிலதான் முதல் பொட்டு ஒட்டினோம். உங்களுக்கு அதைக் காட்டணும்னுதான் அக்கா உங்களை உக்கார வச்சிட்டுப் போனாங்க."

சிவசங்கரன் மஞ்சள் துணியைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் திணித்தான்.

சித்ரலேகா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தாள். "மஹ்மூதா பீவி டீச்சர் வாங்கினாங்க. எட்டாங்கிளாஸ்ல கணக்கு நோட்டுல படம் வரைஞ்சேன்னு என்னை ஒரு வாரம் வெளிய நிக்க வச்சவங்க. காலையில வந்து அரை மணி நேரம் அந்தப் படத்து முன்னால நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல. அப்புறம், 'சித்ரா, இதை வேற யாருக்கும் குடுத்துராத, அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்'னாங்க. சரி டீச்சர்னு சொல்லிட்டேன்." மறுபடி ஆணியைப் பார்த்தாள். "அவங்ககிட்ட நான் எப்படிங்க இல்லைன்னு சொல்லுவேன்?"

அவன் நோட்டைப் புரட்டினான். நம்பரைப் போட்டான். மணி இரண்டரை. பர்னபாஸ் நாங்குநேரியில் பெருமாள் கோயில் பக்கம் டீக்கடையில் நிற்பதாகச் சொன்னார். "நாங்க வாரோம் அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க," என்றான். ஏன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஸ்கூட்டரில் ரெட்டியார்பட்டி தாண்டும்வரை அவள் அவன் தோளில் கை வைக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதுகெல்லாம் காதாக இருந்தது.

"என் பொட்டு மெரூன்," என்றாள் திடீரென்று.

"என்னது?"

"நான் வைக்கிற பொட்டு மெரூன். அது சிவப்பு. அதுகூடத் தெரியாமயா கண்ணாடிக் கடை வச்சிருக்கிய?"

"உன் பொட்டுன்னு யாரு சொன்னா? எவளோ ஒருத்தி பொட்டுன்னுல்லா நெனச்சேன்."

"எவளோ ஒருத்தி பொட்டை நீங்க ஏன் சுரண்டுதிய?"

பின்னால் அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து வண்டியை மெதுவாக்கினான். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் அவள் கை அவன் தோளுக்கு வந்தது.

நாங்குநேரியில் ரோசம்மாள் காரின் பின்சீட்டில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை மடியில் வைத்திருந்தார். சித்ரலேகா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். பொட்டுக் கதையைக் கேட்டு பர்னபாஸ் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார். ரோசம்மாளின் கை மட்டும் படத்தின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"தப்பா நெனைக்காத பிள்ளே," என்றார். "எங்க கல்யாணத்துக்கு மூணே மூணு போட்டோதான் எடுத்தாங்க. சுனாமியில பீரோவோட போச்சு. நீங்க மூஞ்சி அழிஞ்சதையாவது காயப்போட்டிய. எனக்குக் காயப்போட ஒண்ணும் இல்ல. இதைப் பாத்ததும் வாங்கணும்னு தோணிச்சு."

சிவசங்கரன் தரையைப் பார்த்தான். திருப்பிக் கேட்க இனி வாய் வருமா?

சித்ரலேகா கார்க் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அந்த மூணு போட்டோவும் எப்படி இருக்கும்மா?"

"மாதா கோயில்ல இருந்து வெளிய வாரது ஒண்ணு. நான் ரோஸ் சேலை."

"மஞ்ச," என்றார் பர்னபாஸ்.

"ரோஸ். கட்டினவளுக்குத் தெரியாதா?"

"பாத்தவனுக்குத் தெரியாதா? மஞ்ச சேலை, ரோஸ் கரை. இவ மாமா குடை பிடிச்சிட்டு வந்தாரு. செருப்புக் கடிச்சிட்டுன்னு இவ அதைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தா."

"அதை ஏன் இப்பம் சொல்லுதீரு? போட்டோவுல செருப்பு விழல."

"நான் பாத்ததைச் சொல்லுதேன்."

சித்ரலேகா கைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்திருந்தாள். இரண்டு கோட்டில் ஒரு கோயில் வாசல் வந்தது. குடை வந்தது. "மாமா குட்டையா, நெட்டையா?"

"நெட்டை. குடை எங்க தலைக்கு மேல எங்கேயோ இருக்கும். வெயில் பூரா எங்க மேலதான்," என்றார் ரோசம்மாள். எட்டிப் பார்த்தார். மடியில் இருந்த படம் மறைத்தது. "இதைப் பிடியும் தம்பி," என்று அதைத் தூக்கிச் சிவசங்கரன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மூக்கு இப்படி இல்ல பிள்ளே. அப்பம் இவருக்கு மூக்கு நல்லா இருந்திச்சு."

சிவசங்கரன் படத்தைப் பிடித்தபடி நின்றான். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பர்னபாஸின் முகத்தை, அந்த வயதான முகத்துக்குள் இருக்கிற இளந்தாரியைத் தேடுகிற மாதிரி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் வரையும்போதெல்லாம் அவன் கடையில் இருப்பான். அவள் இப்படிப் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் கடையை மதியமே மூடியிருப்பான்.

"அம்மா, இதைப் பெருசா வரைஞ்சு தாரேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல வரையுதேன்," என்றாள் சித்ரலேகா. "அந்தப் படம் டீச்சருக்கு. சொல்லிட்டேன்."

ரோசம்மாள் அவன் கையிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். "சரி, அவங்க கொண்டுபோகட்டும். குடுத்த காசு இதுக்கு இருக்கட்டும். ஆனா சேலை ரோஸ்."

"மஞ்ச," என்றார் பர்னபாஸ்.

சித்ரலேகா நிமிராமலே கணவனிடம் சொன்னாள். "நேரம் ஆகுது, நீங்க கிளம்புங்க. நான் பஸ்ல வாரேன். டீச்சர்கிட்ட நடந்ததை நடந்த மாதிரியே சொல்லணும்."

படத்தை முழங்காலுக்கு முன்னால் நிறுத்தி, அவன் வாழ்க்கையிலேயே மெதுவாக ஓட்டியது அந்த முப்பது கிலோமீட்டர்தான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போனார்கள்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சித்திரக்கூடத்துக்குள் நுழைந்தான். மஹ்மூதா பீவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் அந்த நிமிர்வைப் பார்த்தால் வீட்டுப்பாடம் எழுதாதவன் ஓடிவிடுவான். சிவசங்கரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் விடாமல். அவர் குறுக்கே பேசவில்லை. படத்தை வாங்கி, நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க," என்றார். "சித்ரா எங்க?"

"நாங்குநேரியில டீச்சர். அவங்களுக்குக் கல்யாணப் படம் வரைஞ்சிட்டிருக்கா. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். வேலையில இருக்கா. நாம ஏன் இடையில பேசணும்?" படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "நான் நாளைக்குப் பேசிக்கிடுதேன்னு சொல்லுங்க."

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நின்றபோது போன் அடித்தது. வீட்டிலிருந்து அவன் அம்மா. "ஏலே, சித்ரா எங்க? போன் போட்டா எடுக்க மாட்டேங்கா."

"வேலையா இருக்காம்மா."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"அவ வேலைதான். வாரதுக்கு இருட்டிரும்." 'அவ வேலைதான்' என்பதை இன்னொரு தடவை சொல்லலாம் போல அவனுக்கு இருந்தது. "தோசை மாவு இருக்கா?"

"இருக்கு. ஆனா எனக்கு நிக்க முடியாது, நீ வந்து சுடு."

"வாரேன்," என்று சொல்லி வண்டியைத் திருப்பினான்.