இனிப்புக்குக் காவல்

சர்க்கரை வியாதியைப் பற்றி கோவிந்தம்மாவிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வயல்களுக்கு நடுவே தகரக் கொட்டகையாக நின்ற, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் கம்பெனியில் கேன்டீன் நடத்துகிறவள் அவள். டாக்டருக்குப் படித்தவரே வந்து சொன்னாலும், "எங்க வூட்டுக்காரரு பதினோரு வருஷம் அந்த வியாதியோட குடும்பம் நடத்துனாரு. எனக்குத் தெரியாததா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அந்த மனிதர் லட்டை வேட்டி மடிப்பில் ஒளித்துவைத்துத் தின்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். இனிப்புதான் அவரைக் கொன்றது என்பது அவள் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். கோவிந்தம்மா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துகொண்டு சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் பகலவன் தன் ரகசியத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். வல்லம் வடகால்காரன், இருபத்து நாலு வயசு, மூணாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். செகண்ட் ஷிப்ட் வாரங்களில் சாயங்கால ஊசியைக் கம்பெனியிலேயே போட்டாக வேண்டும், மருந்து பாட்டில் சூடாகக்கூடாது. கேன்டீன் மூலையில் ஈர மணல் நிரப்பிய பானை ஒன்று இருந்தது; பாட்டிலை அதில் வைத்துக்கொள்ளக் கேட்டான்.

"யார் காதுக்கும் போவக்கூடாதுக்கா. தை மாசம் பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்கோ. ஊசி போடறவன்னு தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்கோ."

"எங்கிட்ட சொல்லிட்டல்ல, கவலய விடு. உன்ன நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள், குறை சொல்ல முடியாது. அவனுக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ, சோறு ஒரு கரண்டி குறைச்சல், கீரை ஒரு கரண்டி கூடுதல். ஒரு தடவை அவன் கையில் குளுக்கோஸ் பிஸ்கட் இருந்ததைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டாள். "டாக்டரு வெச்சிக்கச் சொன்னாருக்கா" என்றான். "எங்க வூட்டுக்காரரும் இதே பாட்டுதான் பாடினாரு" என்று சிரித்தாள். அவனும் அதற்கு மேல் விளக்கிச் சொல்லாமல் விட்டான். அன்பாகப் பிடுங்குகிறவளிடம் எவன்தான் வாதாடுவான்? அங்கேதான் தப்பு நடந்தது.

1991-ஆம் வருஷம், ஐப்பசி மாசம், ஒரு வியாழக்கிழமை. பகலவனுக்கு அன்று காலை ஷிப்ட். ஆறு மணிக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, நாலு இட்லி தின்றுவிட்டு வந்தவன், வழக்கம்போல சட்டையைக் கேன்டீன் ஆணியில் மாட்டி, காக்கிச் சட்டைக்கு மாறிக்கொண்டு லைனுக்குப் போனான். அந்தப் பக்கம் பெருக்கவந்த கோவிந்தம்மாவுக்கு ஆரஞ்சு வாசனை அடித்தது. சட்டைப் பையில் கை விட்டால் ஆறு ஆரஞ்சு மிட்டாய், கூடவே மடித்த அட்டை ஒன்று. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூடப் பக்கம் போனவள் இல்லை. மிட்டாய் எதற்கென்று மட்டும் தெரிந்துவிட்டதாக நினைத்தாள். "திருட்டுப் பயலே" என்று அத்தனையையும் சாக்கடையில் எறிந்தாள். அட்டையைப் பத்திரமாகத் திருப்பி வைத்தாள்.

பதினொன்றரைக்கு மெட்ராஸிலிருந்து ஆபீசர்கள் வந்து இறங்கினார்கள். இங்கே அடித்துக் கொடுக்கிற சாமான்களை வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள். பெரிய மனிதர்கள் வந்துவிட்டால் இந்தக் கம்பெனியில் கடிகாரமே மரியாதைக்கு நின்றுவிடும். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுச் சைரன் ஊதாது. சூப்பர்வைசர் ரகுபதி லைன் முழுக்க நடந்து சொல்லிவிட்டார்: "அவங்க போற வரைக்கும் ஒரு மிஷின் நிக்கக்கூடாது. எவனாச்சும் எடத்த விட்டு நவுந்தீங்க, அப்புறம் தெரியும்."

பன்னிரண்டரை ஆனது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பகலவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கேன்டீனுக்குள் வந்தான். நேராக ஆணிக்குப் போய்ச் சட்டைப் பையைத் துழாவினான். திரும்பினான். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது.

"மிட்டாய் எங்க?"

"வந்துட்டியா? தூக்கிப் போட்டுட்டேன். இன்னாடா இது திருட்டுத்தனம்?"

"குடு."

"போட்டுட்டேன்னு சொல்றேன்ல?"

"அறிவு கீதா உனுக்கு? யாரு உன்ன எடுக்கச் சொன்னது? குடுடி!"

கோவிந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என்பதைத் தவிர வேறு சொல் அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. பெற்ற பிள்ளை கைநீட்டியது போல் வலித்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, "போடா வெளிய" என்றாள். அதற்குள் வாசலில் ரகுபதி வந்து நின்று, "மூணாம் நம்பர் நின்னு கெடக்குது, இங்க இன்னா கத?" என்று அதட்டினார். பகலவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். சொல் குழறியது. ரகுபதி மூக்கைச் சுளித்து அவன் முகத்தருகே மோந்து பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு வந்துகிறியா? அப்புறம் பேசிக்கறேன், போய் மிஷின்ல நில்லு" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்.

கேன்டீன் ஜன்னலிலிருந்து மூணாம் நம்பர் நேராகத் தெரியும். கோபத்தோடுதான் கோவிந்தம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்த பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பகலவன் தகட்டை வைக்கிறான், எடுக்கிறான், மறுபடி அதே இடத்தில் வைக்கிறான். வலது கால் பெடலின் மேல் இருக்கிறது. இடது கை அச்சுக்கு அடியில் போனது. போன கை திரும்பவில்லை. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, எதையோ மறந்தவனாக அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால் மட்டும் பெடலில் மெதுவாக அழுந்தப் பார்த்தது.

"யோவ் மண்ணாங்கட்டி! அவனப் புடி! கைய இழு!"

ஓடிக்கொண்டே கத்தினாள். நாலாம் நம்பரில் நின்ற மண்ணாங்கட்டி வயசுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்து பகலவனின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். அதே நேரம் பிரஸ் தடாரென்று இறங்கியது. கை தப்பியது. பகலவன் தரையில் மல்லாந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது, உதடு துடித்தது, கைகால் வெட்டியது.

"வலிப்பு! இரும்பு குடு, இரும்பு குடு!" என்றார் யாரோ. இரும்புக்கா பஞ்சம் அந்தக் கொட்டகையில்? மண்ணாங்கட்டி ஒரு ஸ்பேனரை அவன் உள்ளங்கையில் திணித்து மூடினார். ஒன்றும் ஆகவில்லை. ரகுபதி ஆபீசர்கள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டு, "தண்ணி போட்ட கேஸு, ஓரமா இழுத்துப் போடுங்க" என்று பல்லைக் கடித்தார்.

"குடிகாரன்னு சொல்லாத சார்!" கோவிந்தம்மாவுக்கு ரகசியம் அதற்கு மேல் தாங்கவில்லை. "அவனுக்கு சக்கர வியாதி. ஊசி போட்டுக்கறான்."

ஆபீசர்களுக்கு உடைத்துவைத்த கலர் சோடா பாட்டில் ஒன்று பக்கத்து ட்ரேயில் இருந்தது. மண்ணாங்கட்டி அதை எடுத்து, பையனின் தலையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனார். கோவிந்தம்மா அதைத் தட்டிவிட்டாள். பாட்டில் சிதறியது.

"சக்கர வியாதிக்காரனுக்கு இனிப்பா ஊத்துற? கொன்னுடுவ!"

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்குத் தெரியாததா? பகலவனின் உடம்பு ஜில்லிட்டுக்கொண்டே வந்தது. கம்பெனி வேன் ஆபீசர்களுக்குப் பிரியாணி வாங்கப் படப்பைக்குப் போயிருந்தது. ஸ்டோரில் கணக்கெழுதும் லூர்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிச் சீட்டு எதனா கீதா?" என்றாள்.

"சட்டப் பையில ஒரு அட்ட கீது."

லூர்தம்மாள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நின்ற இடத்திலேயே, மூச்சிரைக்க, உரக்கப் படித்தாள்.

"'நான் சர்க்கரை நோயாளி. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் எனக்கு அதிகமாக வியர்க்கும், கை நடுங்கும், கோபம் வரும், பேச்சு குழறும். நான் குடித்திருப்பதாக நினைக்க வேண்டாம். உடனே இனிப்பு கொடுக்கவும். விழுங்க முடியாவிட்டால் சர்க்கரையைக் குழைத்துக் கன்னத்தின் உள்ளே தடவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்.' அடியில மிட்டாய் பையில கீதுன்னு கையால எழுதிகிறான் அக்கா."

பொய் என்று சொல்லத்தான் கோவிந்தம்மாவுக்கு வாய் வந்தது. வியர்க்கும் என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. புருஷனின் கடைசிக் காலை. மாத்திரை போட்டுக்கொண்டவர், காலில் புண், சோறு இறங்கவில்லை. பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. வெல்லம் குடுடி, ஒரு துண்டு குடுடி என்று கேட்டார், கெட்ட வார்த்தையில் திட்டினார், அப்புறம் கெஞ்சினார். அவள் வெல்ல டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இனிப்பைத் திருடித் தின்றதால்தான் போனார் என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான்.

எழுந்து கேன்டீனுக்கு ஓடினாள். இடுப்புச் சாவியால் பூட்டைத் திறக்கக் கை வரவில்லை; சர்க்கரை டப்பாவை அப்படியே தரையில் அறைந்து மூடியைப் பிய்த்தாள். சர்க்கரையை அள்ளி, சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையிலேயே குழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பகலவனை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொல்லி, அவன் கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். மறுபடி தடவினாள். அவன் பல் அவள் விரலில் பதிந்தது. இரண்டு வருஷமாக விஷம் என்று பூட்டிவைத்த ஒன்றைத் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்குதுடா, எறங்குது, முழுங்குடா என் ராசா..."

ஒரு நிமிஷம். மூணு நிமிஷம். லைனில் எந்த மிஷினும் ஓடவில்லை. ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். தொண்டை அசைந்தது. இன்னும் கொஞ்சம் கழித்துக் கண் திறந்து, கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

ரகுபதி குனிந்து கேட்டார். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா வெச்சிருப்பியா சார்?"

ரகுபதி நிமிர்ந்தார். ஆபீசர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்துபோய்ச் சைரன் சுவிட்சை அவரே போட்டார்.

பகலவன் கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்தான். "ஏங்கா அழுவுற? நான் உன்ன எதனா சொல்லிட்டனா? ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா."

அப்படியே விட்டிருக்கலாம். காப்பாற்றியவள் என்ற பெயரோடு அவள் கேன்டீனுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். உன் மிட்டாய நான்தான் சாக்கடையில போட்டேன். மண்ணாங்கட்டி ஊத்த வந்தத நான்தான் தட்டி வுட்டேன். உன்னக் கொல்லப் பாத்தவ நான்தான்டா."

 பகலவன் அவளையே பார்த்தான். உதட்டோரம் ஒட்டியிருந்த சர்க்கரையை நாக்கால் தடவிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் குடுக்கா," என்று வாயைத் திறந்தான்.