குளோரின் தொட்டி

காலையில் செத்துக் கிடந்த அறுபது கோழிக்குஞ்சுகளை வாளியில் அள்ளினேன். நேற்று நாற்பது. எல்லாம் கழிச்சல். தங்கையை நம்பியதால் வந்த வினை!

அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். தீவனக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "ஆன்டிபயாடிக்கே வேணாம்க்கா. இந்தப் பொடியில நல்ல கிருமி உயிரோட இருக்கு. தண்ணியில கலந்து குடு, கெட்ட கிருமிய அது குடல்ல அண்ட விடாது" என்று டப்பாவைக் கொடுத்தாள். என் கொட்டகையில் பொடி வேலை செய்தால்தான் அவள் வேலை நிரந்தரம். கூடப்பிறந்தவளாயிற்றே என்று தலையாட்டித் தொலைத்தேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாளியைப் படம் பிடித்து, பண்ணைக்காரர்களும் தீவனக் கம்பெனிக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'குஞ்சுங்க கொத்துக் கொத்தா சாகுது. என் தங்கச்சி குடுத்த பொடி சுத்த ஏமாத்து வேலை. யாரும் வாங்காதீங்க.' போட்டதும் மனசு ஆறியது. பொய் சொல்வானேன்.

மத்தியானம் அவளே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் கொட்டகையைச் சுற்றி வந்தாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இதுல என்னக்கா போடுற?"

"குளோரின் மாத்திரை. எப்பவும் ரெண்டு. மருந்த நிறுத்துனதுலேருந்து நாலு. என் தொட்டி மாதிரி சுத்தமான தொட்டி எவன்கிட்ட இருக்கு?"

"இந்தத் தண்ணியிலயா பொடியக் கலந்த?"

"பின்ன, அழுக்குத் தண்ணியிலயா கலப்பாங்க?"

"அக்கா... குளோரின் கிருமியக் கொல்லும். நான் குடுத்ததும் கிருமிதானே? கலந்த கையோட எல்லாம் செத்திருக்கும்."

பன்னிரண்டு நாளாக என் குஞ்சுகளுக்கு மருந்தும் இல்லை, அவள் கொடுத்த கிருமியும் இல்லை. டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தேனா? சுத்தத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தருவது என்ற திமிர். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

அவள் தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடிக்க ஆரம்பித்தாள்.

"இரு, தப்பு என்மேலதான்னு இப்பவே குழுவுல போடுறேன். உங்க மேனேஜர்கிட்டயும் நானே பேசுறேன்."

"பத்து மணிக்கே என்னை வேலையிலேருந்து நிறுத்திட்டாங்கக்கா."

"அப்புறம் எதுக்குடி இங்க வந்த?"

"நீதானே போட்டிருந்த, குஞ்சுங்க சாகுதுன்னு."