நீல டேப் ஒட்டிய கிண்ணம்

...ஒரே அம்மாதானே, பிறக்கும்போதே இரண்டு பேருக்கும் அவளிடமிருந்து வந்த ஒரே ஈரல் வைரஸ்தானே, அப்புறம் இவளுக்கு மட்டும் எப்படிப் போயிற்று, பீர் குடித்தவள், விடிய விடிய கரோக்கியில் கத்தியவள், மாத்திரையை மறந்துவிட்டுச் சிரித்தவள்... பிலியென் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது வரை ஒரு சொட்டு மது தொட்டதில்லை, பத்து மணிக்கு மேல் விழித்ததில்லை, ஈரலுக்கு நல்லதென்று வாரம் மூன்று நாள் மட்டிச் சிப்பியை வேகவைத்த சாறு, அந்த வாடையே இப்போது தன் உடம்பின் வாடையாகிவிட்டதோ என்னவோ. பக்கத்து நாற்காலியில் தங்கை யூஜென் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்குச் சம்மதம் சொல்லும் அவளுடைய படிவத்தில் கையெழுத்து விழுந்தாயிற்று. சியாயி ஆஸ்பத்திரியின் இந்த வராந்தாவில் பதினெட்டு வருஷமாக இருவரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், இன்று ஒருத்தி நோயாளி, ஒருத்தி விருந்தாளி.

டாக்டர் காவ் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். "இப்படி ஒரு ஜோடி கிடைக்கிறது அபூர்வம்மா. உங்க ஈரலும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு, வைரஸை அழிக்க வர வேண்டிய காவல் அணுக்கள்தான் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போச்சு. தங்கச்சி உடம்புல எந்தச் சேதி போய் அதுங்க முழிச்சுதுன்னு பாக்கணும், பக்கத்துல வெச்சு ஒப்பிட உங்க ரத்தம் வேணும், ஈரல்லேருந்து ஊசியில துளி." ஒப்பிட... பள்ளிக்கூடத்தில் ஒப்பிட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் ஒப்பிட்டார்கள், இனி அணு அணுவாகவா? போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தங்கையின் கிண்ணத்திலிருந்து நீல டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா ஈரல் புற்றில் இறந்த வருஷம், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று மகள்கள் இருவரின் கிண்ணத்திலும் அவர் ஒட்டியது. கிண்ணத்தால் பரவாது என்று எத்தனை டாக்டர்கள் சொல்லியும் கேட்காதவர். அலமாரியில் இரண்டு நீலக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அது அவமானமாகக்கூடத் தோன்றியதில்லை, இப்போது ஒன்றே ஒன்று...

"என்னக்கா, ஊசின்னா பயமா? சின்ன வயசுல என்னைய அமுக்கிப் பிடிச்சு ஊசி போட வெச்சவளே நீதானே!" யூஜென் தோளால் இடித்தாள். "போடு கையெழுத்து. எனக்குப் போனது உனக்கும் போகணும்ல?"

நல்லவள்தான், அதுதானே தாங்கவில்லை. டாக்டர் சொல்லி மாத்திரையை நிறுத்திய மூன்றாம் மாதம் இவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் வீங்கி, பிழைப்பாளோ மாட்டாளோ என்று பதினொரு நாள்... கட்டிலருகே உட்கார்ந்து சாறு ஊட்டியது யார், நெற்றியைத் துடைத்தது யார்? எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பதினொரு நாளும் தனக்கு நன்றாகத் தூக்கம் வந்ததே, நன்றாகப் பசித்ததே. அப்போதுதான் அவளுக்குள் காவல் அணுக்களெல்லாம் விழித்து வேலை செய்துகொண்டிருந்ததாம், நான் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பயந்தேனா, பயம் மட்டும்தானா, இவள் பிழைக்காவிட்டால் என்றும் ஒரு மூலையில் நினைத்தேனோ... இருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ஊசி எதற்கு?

பேனாவை மூடினாள். கையெழுத்திடாத தன் படிவத்தை மடிக்காமல் தங்கையின் மடியில் வைத்தாள்.

"ஏன்க்கா?"

"வேணாம்டி," என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல். "என்னை விட்டுடு."