ஒட்டுத் தெரியாத இடம்

"மேடம், பெட்டியை ஒரே ஒரு அடி இடது பக்கம் தள்ளிக்கலாமா? திரையில நிழல் விழுது."

கேட்ட கையோடு கம்பெனி மேலாளர் கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தும் விட்டார். உள்ளே அப்பா படுத்திருந்தார்.

"கையை எடுங்க," என்றாள் மகள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க' என்று நாளைக்கு எண்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, அவள் சாதாரணமாகப் பேசினாலே ஆட்கள் அசையாமல் நின்றுவிடுவார்கள். மேலாளரும் நின்றார். பிறகு திரையைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தின் மறு மூலையில் வைத்தார். முதலிலேயே அங்கே வைத்திருக்கலாம். ஆனால் அங்கே வைத்தால் முதலாளி உட்காரப் போகும் நாற்காலியில் வெயில் படும்.

மயானத்து முன்மண்டபத்தை அவர்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பதினொன்றரைக்கு உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். அதில் அரை மணி நேரம் முதலாளிக்காகக் காத்திருந்ததிலேயே போயிற்று.

அப்பா முந்தாநாள் காலை வேலை மேசையிலேயே சரிந்தார். "வேலை செஞ்சுக்கிட்டே போயிட்டாரு, குடுத்து வெச்சவரு" என்று கம்பெனி ஆட்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். அறுபத்தொரு வயதில் சாவதற்கு என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி படம் எடுக்காது. யாரோ எப்போதோ எடுத்ததை வாங்கும். பத்து நிமிஷச் சிரிப்புப் படங்கள், ஏழு நிமிஷக் கார்ட்டூன்கள், எடுத்தவர்களே மறந்துபோனவை. அவற்றில் ஒரு டஜனை வெட்டி, ஒரே கதைபோல ஒட்டி, ஒன்றரை மணி நேரப் படமாக்கி, பள்ளி விடுமுறைக்கு வெளியிடும். இதுவரை பத்தொன்பது வந்துவிட்டன. பத்தொன்பதிலும் 'கருத்து, உருவாக்கம், இயக்கம்' என்று முதலாளியின் பெயர் சுழன்று சுழன்று வந்து நிற்கும். ஒரு ஃப்ரேம்கூட எடுக்காத இயக்குநர். பேட்டிகளில் "நான் காலத்தைத் தைப்பவன்" என்பார். ஊசியும் நூலும் பின்னறையில் உட்கார்ந்திருந்தன. அவற்றிடம் யாரும் பேட்டி எடுக்கவில்லை. வீட்டில் அம்மா முதலாளிக்கு வைத்த பெயர் 'டைட்டில் கார்டு'.

ஒரு கார்ட்டூனில் பூனை பொந்துக்குள் பாயும். வேறொருவர் வரைந்த வேறொரு கார்ட்டூனில் வேறொரு பூனை பொந்திலிருந்து வெளியே வரும். இரண்டும் ஒரே பூனைதான் என்று உலகத்தை நம்பவைக்க நடுவில் எட்டு ஃப்ரேம் வேண்டும். அந்த எட்டையும் அப்பா வரைவார். பழைய சிரிப்பு நடிகர் ஒரு படத்தில் கதவைத் திறப்பார், இன்னொரு படத்தில் தெருவில் நடப்பார். நடுவில் அவர் வாசலைத் தாண்டும் முதுகு வேண்டும். நடிகர் செத்து நாற்பது வருஷம். அப்பா தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டு தன் முதுகைக் கொடுத்தார்.

"மனுஷன் சிரிக்கும்போது கண்ணு பாதி மூடிக்கும். அந்த நேரம் பாத்து ஒட்டிடணும்" என்பார். அதனால் ஒவ்வொரு ஒட்டின் மேலும் பதிவு செய்த சிரிப்பொலி ஒன்று வந்து விழும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒட்டிய துண்டை அவளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவார். "தெரிஞ்சுதா?" என்பார். தெரிந்தது என்றால் உடனே பிரித்து மறுபடி ஒட்டுவார். தெரியவில்லை என்று அவள் சொல்லும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. "தெரியலைன்னா நான் ஜெயிச்சேன்" என்பார்.

வளர்ந்த பிறகு அந்த ஜெயிப்பைக் கேட்டாலே அவளுக்கு எரிந்தது. போன மாதம், "ஜெயிச்சு ஜெயிச்சு ஆளே காணாமப் போயிட்டீங்கப்பா" என்று கத்திவிட்டுக் கிளம்பினாள். அதற்கப்புறம் போனில் பேசியதெல்லாம் மாத்திரை, கரண்ட் பில்.

இருபதாவது படம் இந்த வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். கடைசி ஒட்டு மட்டும் பாக்கி. அதற்கான துண்டுகள் அப்பாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. முந்தாநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அப்பாவின் செருப்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கும்போதே, முதலாளி வந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டார்.

"படத்துல எங்கப்பா பேர் வரணும். தொகுப்புன்னு, தனி கார்டு. அதை சாவுக்கு வர்ற எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். சொன்ன பிறகு எடுத்துக்கங்க," என்றாள்.

"இதெல்லாம் கேக்கணுமாம்மா?" என்று முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "அஞ்சலிப் படம் ஒண்ணு தயார் பண்றோம். அது முடியும்போது அறிவிப்பு பேரோட வரும்."

அந்த அறிவிப்புக்காகத்தான் அவள் காலையிலிருந்து அழாமல் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி வந்தார். அவருக்கு முன்னால் மலர்வளையத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் நாடாவில் கம்பெனியின் பெயர் பெரிதாகவும் 'ஆழ்ந்த இரங்கல்' இடம் மிஞ்சிய அளவுக்கும் இருந்தது. அம்மாவின் முன்னால் குனிந்து, "தங்கச்சி, என் வலது கையே போயிடுச்சு," என்றார்.

அவர் நகர்வதற்கு முன்பே அம்மா மகளிடம் சொன்னாள். "இருபத்து மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் தங்கச்சி ஆயிருக்கேன். அண்ணன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உரிமையோட சண்டை போட்டிருக்கலாம்."

முதலாளிக்குக் காது கேட்காததுபோல இருக்கவும் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்து ஏழு நிமிஷம் பேசினார். அந்த ஏழு நிமிஷத்தில் அப்பா இரண்டே தடவை வந்தார்: ஒருமுறை 'என் வலது கை'யாக, ஒருமுறை 'என் நிழலாக'. பிறகு கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டுங்க," என்றார்.

படம் ஓடியது. முதலாளி ரிப்பன் வெட்டினார். வெட்டியதும் திரையிலிருந்து பெருஞ்சிரிப்பு வெடித்தது. முந்நூறு பேர் சிரித்தார்கள். மண்டபத்தில் இருந்தது நாற்பது பேர்.

யாரும் அசையவில்லை. அடுத்து முதலாளி கேடயம் வாங்கினார். முந்நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக மாற்றினார்.

படத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஒலிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவோடு அதே பின்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒட்டுக்கும் சிரிப்பு வைத்த மனிதர்.

"பாப்பா, அவசரத்துல சேத்தேன். வெட்டு வந்தா சிரிப்பு வெக்கிறது பழக்கம். கை தானா வெச்சிடுச்சு பாப்பா," என்றார். அழுதபடியே சொன்னதால் அடுத்த சிரிப்பையும் அவரால் நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு 'சாதனைகள்' வந்தன. பத்தொன்பது படங்களிலிருந்தும் துணுக்குகள். பூனை பாய்ந்தது, நடிகர் வாசலைத் தாண்டினார். நடுநடுவே முதலாளி. அப்பா வந்தது மூன்று இடங்களில்: ஒரு முழங்கை, ஒரு காது, முதலாளியின் தோளுக்குப் பின்னால் பாதித் தலை. முடிவில் திரை இருண்டது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நின்றன. கருத்து, உருவாக்கம், இயக்கம். அடியில் முதலாளியின் பெயர். இருப்பதிலேயே நீளமான சிரிப்பு அதற்குத்தான் விழுந்தது.

அவ்வளவுதான் படம்.

"அறிவிப்பு எங்க சார்?" என்றாள்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "துக்கம் நடக்கிற இடம்மா இது. இங்க பேரு, புகழ்னு பேசறது அவருக்கே பிடிக்காது. அடுத்த படத்துல பாத்துக்கலாம்."

"செத்தவரு அடுத்த படத்துக்கு எப்படி சார் வருவாரு?"

முதலாளி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் இருவரையும் விட்டுவிட்டுத் திரையை நோக்கி நடந்தாள்.

"மாமா, முதல்லேருந்து போடுங்க."

"சிரிப்பை எடுத்துட்டா பாப்பா?" என்றார் ஒலிக்காரர்.

"சிரிப்போட."

படம் மறுபடி ஓடியது. பூனை வந்ததும், "நிறுத்துங்க," என்றாள். எக்ஸ்ரே அறையின் குரல். மண்டபமே நின்றது. "சிரிப்பு வந்துச்சில்ல? அப்ப இங்க ஒட்டு இருக்குன்னு அர்த்தம். நீங்க சிரிச்சிக்கிட்டு இருக்கும்போது எங்கப்பா இங்க வேலை பாத்திருக்காரு. அந்த வாலைப் பாருங்க. பொந்துக்குள்ள போகும்போது மெலிசு, வெளியில வரும்போது தடிமன். நடுவுல எட்டு ஃப்ரேம்ல கொஞ்சம் கொஞ்சமா தடிமனாக்கினது எங்கப்பா. இவர் இல்ல." கையை நீட்டி முதலாளியைக் காட்டினாள்.

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

"இப்ப இந்த வாசல். நிறுத்துங்க. இது அந்த நடிகரோட முதுகுன்னுதானே ஊரே நினைச்சுச்சு? கோட்டைப் பாருங்க, நிறம் ஒரு மாத்து கம்மி. இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க. அது எங்கப்பா. கதை, வசனம், முதுகு, எல்லாம் அவரு."

"அட, ஆமாங்க," என்றது பின்வரிசை. "இத்தனை நாள் தெரியலை. இப்பதான் பளிச்சுனு தெரியுது."

இன்னும் இரண்டு பேர் தெரிகிறது என்றார்கள். ஒருவர் எழுந்து நின்று, தொப்பியும் சரியாகப் பொருந்தவில்லை என்று தானே கண்டுபிடித்துச் சொன்னார். முதலாளியின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. மகள் திரைக்கு இன்னும் பக்கத்தில் போனாள்.

"அடுத்தது போடுங்க மாமா."

"போதும்," என்றாள் அம்மா.

"இன்னும் நிறைய இருக்கும்மா."

"போதும்னேன்." அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இருபத்து மூணு வருஷம் ஒருத்தர் கண்ணுலயும் படாம ஜெயிச்ச மனுஷன். இப்படிக் கிடக்கும்போது நீ அவரைத் தோக்கடிக்காதே."

ஒலிக்காரர் எதையோ அழுத்தினார், திரை வெள்ளையானது. மகள் திரைக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவளுக்கு அம்மாமேல் கோபம் வந்தது. ஒலிக்காரர்மேல் வந்தது. தொப்பி பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தவர்மேல் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிதாக, பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போலப் படுத்திருந்தவர்மேல் வந்தது.

அந்த நிசப்தத்தை மேலாளர் தனக்கான நேரம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து, வாயைக் கையால் மறைத்து, "மேடம், அந்தக் கம்ப்யூட்டர்... வண்டி வெளியிலதான் நிக்குது," என்றார்.

"வெள்ளிக்கிழமைதானே ரிலீஸு?" அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "உங்க சார்தானே காலத்தைத் தைக்கிறவரு? இந்த ஒண்ணை அவரையே ஒட்டச் சொல்லுங்க. எப்படி இருக்குன்னு ஊர் பாக்கட்டும்."

"தங்கச்சி, நீயாவது சொல்லும்மா," என்றார் முதலாளி.

அம்மா பதிலுக்கு மூக்கைச் சிந்தினாள்.

பதினொன்றரைக்கு மணி அடித்து, சீருடை போட்ட நான்கு பேர் பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். வலப்பக்கத்துக் கதவு மூடியது. முதலாளியின் கார் அதற்குள் கிளம்பியிருந்தது. மகள் மயான அலுவலகத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனாள். எழுத்தர் ஒரு படிவத்தைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார்.

"எல்லாம் எழுதிட்டேன், சரியான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்து போடும்மா. மருத்துவச் சீட்டைப் பாத்துக் காரணம் மட்டும் எழுதணும்."

தொழில் என்ற கட்டத்தில் 'உதவியாளர்' என்று இருந்தது.

"இது யார் சொன்னது?"

"கம்பெனியிலேருந்து ஒருத்தர் வந்து சொன்னாரே. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அடிங்க அதை. படத்தொகுப்பாளர்னு எழுதுங்க."

"கட்டம் சின்னதும்மா. அடிச்சிட்டு வேற எழுதணும்னா இடம் பத்தாது."

"எழுதுங்க."

எழுத்தர் அவள் முகத்தைப் பார்த்தார். உதவியாளரின் மேல் கோடு போட்டார். மிச்ச இடத்திலிருந்து, அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்க, எழுதிக்கொண்டு போனார். கடைசி இரண்டு எழுத்துகள் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய் விழுந்தன. அது இறப்புக்கான காரணம் எழுத வேண்டிய கட்டம்.

"பாத்தியா? இப்ப காரணத்தை எங்கம்மா எழுதறது?"

"மிச்சம் இருக்கிற இடத்துல."

எழுத்தர் பேனாவை உதறி, எழுத்தைச் சின்னதாக்கி, அதற்கடியில் 'மாரடைப்பு' என்று எழுதினார்.